குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்கு விளம்பரம்: எந்தப் படத்தைப் போடலாம்?

சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். லண்டனுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது, ஊரில் மூன்று வருடம் எல்கேஜி டீச்சராக இருந்திருக்கிறீர்கள், இங்கே சாயந்திரங்களிலும் சனி, ஞாயிறிலும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஒரு இணையதளத்தில் பதிந்திருக்கிறீர்கள். கையில் மூன்று படங்கள் இருக்கின்றன: பட்டுப் புடவையில் கல்யாணப் படம், தங்கச்சி குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் படம், போனில் எடுத்த செல்ஃபி. வீட்டுக்காரர் முகமே வேண்டாம், ஒரு பூ படம் போதும் என்கிறார். கடைசி வரியில், பொட்டு வைத்த படத்தைப் போட்டால் யாராவது கூப்பிடுவார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்றில் எது நல்லது என்பதுபோல் கேள்வி இருந்தாலும், உள்ளே இருப்பது வேறு இரண்டு கேள்விகள் என்றுதான் எனக்குப் படுகிறது. முன்பின் தெரியாத ஒரு தாய் என்னை நம்பிக் குழந்தையை விடுவாரா? முன்பின் தெரியாதவர்கள் பார்க்கிற இடத்தில் என் முகத்தைப் போட்டால் எனக்கு ஏதும் ஆகாதா? இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் இங்கிலாந்தில் பதிவுபெற்ற சைல்ட்மைண்டராக, அதாவது பிறர் குழந்தைகளைப் பெரும்பாலும் தன் வீட்டில் வைத்துச் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்பவராக, பதினோரு வருடமாக இருக்கிறேன். எனக்கு லீவு வேண்டிய நாட்களில் பெற்றோருக்கு வேறு ஆள் பார்த்துக் கொடுப்பதும் என் வேலைதான். அதனால் நூற்றுக்கணக்கான விளம்பரங்களைப் பெற்றோரோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் கும்பகோணத்தில் அப்பாவின் போட்டோ ஸ்டுடியோவில் ஆறு வருடம் கூடமாட வேலை செய்தேன். பாஸ்போர்ட் படம், பெண் பார்க்கக் கொடுக்கும் படம், பரீட்சை ஹால் டிக்கெட்டுக்கு ஒட்டும் படம் எல்லாம் அங்கே என் கை பட்டுத்தான் போயின. கீழே சொல்வதில் ஆராய்ச்சியில் தெரிந்தது எது, என் அனுபவம் மட்டும் எது என்று அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

முதலில் நேரடிப் பதில். மூன்றும் வேண்டாம். நாலாவதாக ஒன்று புதிதாக எடுங்கள். இந்த வேலைக்கான படம் உங்களை அழகாகக் காட்டினால் போதாது. கதவைத் திறக்கிறவர் எந்த முகத்தைப் பார்க்கப் போகிறாரோ அந்த முகத்தைக் காட்ட வேண்டும். மற்ற எல்லாமே இதிலிருந்து வருவதுதான்.

இதை நான் தெரிந்துகொண்ட விதம் கொஞ்சம் வருத்தமானது. வந்த புதிதில் நானும் சித்தி மகள் கல்யாணத்தில் எடுத்த படத்தைத்தான் போட்டேன். மாம்பழக் கலர் பட்டு, தலை நிறைய மல்லிகை, காதில் ஜிமிக்கி, கழுத்தில் இரவல் காசுமாலை. ஒரு வீட்டில் வரச் சொன்னார்கள். நவம்பர் மாதம், நாலரைக்கே இருட்டிவிட்டது. கம்பளித் தொப்பி, கறுப்புக் கோட்டு, மழையில் நனைந்த கண்ணாடியோடு போய் நின்றேன். கதவைத் திறந்த அம்மா என் தோளுக்குப் பின்னால் வேறு யாரையோ தேடினார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவருடைய மூன்று வயது மகளுக்கு, இன்றைக்கு வரப்போகிற ஆண்ட்டி இவர்தான் என்று மத்தியானமே என் படத்தைக் காட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் குழந்தை என்னைப் பார்த்தது, அம்மாவின் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது, “இது அவங்க இல்ல” என்று அழ ஆரம்பித்தது. தொப்பியைக் கழற்றினேன், கண்ணாடியைத் துடைத்துப் போட்டேன். அழுகை நிற்க முக்கால் மணி நேரம் ஆனது. அன்று வரைக்கும் படத்தைப் பெரியவர்கள்தான் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குழந்தைகளும் பார்க்கிறார்கள்.

பழக்கமில்லாத முகத்தைப் படத்தை வைத்து அடையாளம் காண்பது நாம் நினைப்பதைவிடக் கடினம். 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இரண்டே பேரின் படங்களை ஆளுக்கு 20 வீதம் கலந்து 40 படங்களாகக் கொடுத்து, ஒரே ஆளின் படங்களை ஒரே குவியலாக வைக்கச் சொன்னார்கள். அந்த இருவரையும் முன்பு அறியாதவர்கள் சராசரியாக ஏழு, எட்டுக் குவியல்கள் வைத்தார்கள். தெரிந்தவர்கள் அநேகமாக எல்லோரும் சரியாக இரண்டு வைத்தார்கள். உங்கள் தங்கைக்கு எந்தப் படத்தைக் காட்டினாலும் நீங்கள்தான் என்று தெரியும். வேலை கொடுக்கப் போகிறவருக்குத் தெரியாது.

செல்ஃபி ஏன் வேண்டாம் என்கிறேன் தெரியுமா? கையை நீட்டி எடுக்கும்போது கேமரா முகத்துக்கு மிகக் கிட்டத்தில் இருக்கிறது. 30 சென்டிமீட்டரில் எடுத்த படத்தில் மூக்கு, ஒன்றரை மீட்டர் தள்ளி எடுத்த படத்தைவிட ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். மூக்கு சரியில்லை, அறுவை செய்யுங்கள் என்று செல்ஃபியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துத்தான் அந்தக் கணக்கையே போட்டார்கள். அதுபோக, பல போன்களில் முகத்தை வழவழப்பாக்கும் பியூட்டி மோட் நாம் கேட்காமலே ஓடிக்கொண்டிருக்கும். அணைத்துவிடுங்கள். இப்போது ஏஐ ஆப்களில் நாலு செல்ஃபியைக் கொடுத்தால் கோட்டு சூட்டோடு ஒரு படம் தருகிறது, நிறத்தையும் இரண்டு படி ஏற்றிவிடுகிறது. அதைத் தொடவே தொடாதீர்கள். ஸ்டுடியோவில், “கொஞ்சம் கலரா வர்ற மாதிரி போட்டுக் குடுங்கண்ணே” என்று கேட்காத ஆளே கிடையாது. அப்பாவும் நெகட்டிவில் பென்சிலால் பரு வடுவை மறைத்துக் கொடுப்பார், ஆனால் மச்சத்தில் கைவைக்க மாட்டார். “மச்சத்த எடுத்துட்டா அது வேற ஆளு” என்பார். நீங்களும் இந்த அளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தங்கச்சி குழந்தையோடு இருக்கும் படத்துக்கு வருகிறேன். உங்களுக்கு அதுதான் பிடித்திருக்கிறது என்று எழுத்திலேயே தெரிகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். குழந்தையோடு இருக்கும் படம் பாசத்தைக் காட்டும் என்பது உண்மை. ஆனால் இங்கே ஒரு தாய் அதைப் பார்த்ததும் முதலில் கேட்பது, “இது யாருடைய குழந்தை? அவர்கள் சம்மதித்தார்களா?” என்பதுதான். அடுத்து அவர் மனதில் ஓடுவது, நாளைக்கு என் குழந்தையின் படத்தையும் இவர் இப்படிப் போடுவாரோ என்பது. இரண்டாவது கேள்வி வந்துவிட்டால் அங்கே வேலை போச்சு. என்னோடு உட்கார்ந்து விளம்பரம் பார்த்த பெற்றோரில் பலர் இதே காரணத்துக்காக ஒரு படத்தைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறார்கள். எத்தனை பேர் என்று நான் எண்ணி வைக்கவில்லை, இது கண்ணால் பார்த்தது மட்டும். குழந்தையின் முகத்தில் ஸ்மைலி ஒட்டி மறைப்பதாலும் தீராது. படத்தை எடுத்தோம், போட்டோம் என்பது அப்படியேதான் இருக்கிறது. பள்ளிச் சீருடையில் இருக்கும் குழந்தை என்றால் இன்னும் மோசம். சட்டையில் உள்ள முத்திரையே எந்தப் பள்ளி என்று சொல்லிவிடும்.

இது வெறும் மரியாதைக்காகச் சொல்வதும் அல்ல. பதிவுபெற்ற சைல்ட்மைண்டர்கள் கடைப்பிடிக்க வேண்டிய இஒய்எஃப்எஸ் விதிகளில் (சிறு குழந்தைகளின் பராமரிப்புக்காக அரசு வகுத்தவை), குழந்தைகள் இருக்கும் இடத்தில் போனையும் கேமராவையும் எப்படிக் கையாள்வது என்பது குழந்தைப் பாதுகாப்பின் ஒரு பகுதி. நீங்கள் குழந்தையின் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்கிறவர் என்றால் பள்ளிகளையும் குழந்தைப் பராமரிப்பையும் கண்காணிக்கும் ஆஃப்ஸ்டெட் என்ற அரசு அமைப்பில் பதிந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை, அந்த விதிகளும் உங்களைக் கட்டாது. ஆனால் இங்குள்ள பெற்றோர் நர்சரியிலும் பள்ளியிலும் படத்துக்கான சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகியவர்கள். அதே கண்ணோடுதான் உங்கள் படத்தையும் பார்ப்பார்கள். சொந்தக் குழந்தையின் படமும் இதே காரணத்தால் வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

பாசத்தைக் காட்ட வேறு வழி இருக்கிறது. இரண்டாவது படம் போட இடம் கொடுத்தால் உங்கள் கைவேலையைக் காட்டுங்கள். எல்கேஜி டீச்சர் வீட்டில் சும்மா இருந்தாலும் கை சும்மா இருக்காதே! உப்பு மாவில் செய்த யானை, காகிதக் கத்திக்கப்பல், வெண்டைக்காயை நறுக்கிப் பெயின்ட் தொட்டு அடித்த பூக்கள் என்று எதையாவது மேசையில் பரப்பி வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். என் விளம்பரத்தில் பல வருடம் இருந்தது கஞ்சி வடிக்கும் சல்லடை நிறையக் கலர் பாசிமணி கோத்த நூல்கள். போனில் பேசும்போது பாதிப் பேர் அதைத்தான் முதலில் கேட்பார்கள். ஆனால் உங்கள் வீட்டு ஹாலை விளையாட்டுச் சாமான்களோடு படமெடுத்துப் போடாதீர்கள். உங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று அர்த்தமாகிவிடும். எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளைச் சம்பளத்துக்காகத் தன் வீட்டில் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொள்வதென்றால், பொதுவாகப் பதிவு கட்டாயம். குற்றப் பதிவுகளைச் சரிபார்த்துத் தரும் டிபிஎஸ் சான்றிதழையும் படமெடுத்துப் போடாதீர்கள். பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் அதில் இருக்கிறது. சான்றிதழ் இருக்கிறது என்று எழுத்தில் சொல்லுங்கள், நேரில் பார்க்கும்போது காட்டுங்கள். குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சியும் அப்படியே. இங்கே எங்களைப் போன்றவர்களிடம் கேட்கப்படுவது 12 மணி நேரப் பயிற்சி, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

முகத்தைப் பார்த்து நம்பிக்கை வருவதைப் பற்றி உறுதியாகத் தெரிந்த ஒன்று இருக்கிறது. 2006இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜனைன் வில்லிஸ், அலெக்சாண்டர் தொடோரோவ் இருவரும் செய்த சோதனையில், ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே நம்பத்தக்கவரா இல்லையா என்று மக்கள் முடிவு கட்டிவிட்டார்கள். கூடுதல் நேரம் கொடுத்தபோது அந்த முடிவு பெரிதாக மாறவில்லை, அதன் மேலிருந்த உறுதிதான் கூடியது. அந்த முடிவு சரி என்று இதற்கு அர்த்தம் இல்லை. முகத்தை வைத்து யார் நல்லவர் என்று சொல்ல முடியாது, ஒரே ஆளின் இரண்டு படங்களுக்கே இரண்டு விதமான தீர்ப்பு கிடைக்கும். அதனால் உங்களைக் கூப்பிடாமல் போனவர்களை நினைத்து, என் முகத்தில் என்ன குறை என்று யோசிக்காதீர்கள். அவர்கள் தீர்ப்புச் சொன்னது அந்த ஒரு படத்துக்குத்தான்.

இதிலிருந்து கைக்கு உதவும் விஷயம் ஒன்று 2017இல் வந்தது. ஆஸ்திரேலியாவில் டேவிட் ஒயிட்டும் அவருடன் வேலை செய்தவர்களும் மாணவர்களிடம் தங்களுடைய 12 படங்களைக் கொடுத்து, புரொஃபைலுக்கு எது பொருத்தம் என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அதே படங்களை அவர்களை அறியாத வேறு ஆட்களிடம் கொடுத்தும் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அறியாதவர்கள் தேர்ந்தெடுத்த படங்களே பார்ப்பவர்களிடம் நல்ல எண்ணத்தை உண்டாக்கின. சமூக ஊடகம், உத்தியோகம், துணை தேடுவது ஆகியவற்றுக்கான படங்களை வைத்துச் செய்தது அது, குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் செய்ததல்ல. ஆனாலும் ஸ்டுடியோவில் நான் பார்த்ததும் இதுதான். ஆள் தன் படத்தைப் பார்த்ததும் பல்லையும் முன்முடியையும் தேடுவார், அடுத்தவர் அந்தக் கண்ணைப் பார்ப்பார். அதனால் பத்துப் பன்னிரண்டு எடுத்து, வீட்டுக்காரரிடமும் தங்கச்சியிடமும் கேட்காமல், உங்களை அதிகம் தெரியாத இரண்டு மூன்று தாய்மார்களிடம் காட்டுங்கள். நூலகத்தில் குழந்தைகளுக்குப் பாட்டு, கதை சொல்லும் நேரத்துக்கு வருகிறவர்கள், பக்கத்து பிளாட்காரர் யாராக இருந்தாலும் சரி. “எது அழகா இருக்கு” என்று கேட்காதீர்கள், “எந்தப் படத்துல இருக்கிற ஆள்கிட்ட குழந்தைய விட்டுட்டுப் போவீங்க” என்று கேளுங்கள்.

பொட்டு விஷயம். உங்கள் பயம் வீண் என்று சொல்லி ஆறுதல்படுத்த எனக்கு மனம் வரவில்லை. பெயரையும் முகத்தையும் பார்த்து ஒதுக்குவது நடக்கிறது. தங்க வீடு, அறை வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பி தளத்தில் நியூயார்க் நகரத்து வீடுகளை ஆராய்ந்த ஹார்வர்ட் ஆய்வாளர்கள், ஒரே தரமான வீட்டுக்குக் கறுப்பினத்தவர் அல்லாதவர்கள் ஏறக்குறைய 12 சதவீதம் கூடுதல் வாடகை வாங்குவதாக 2014இல் எழுதினார்கள். விருந்தினரின் படத்தை, வீட்டுக்காரர் அறை தர ஒப்புக்கொண்ட பிறகே காட்டுவது என்று அந்த நிறுவனம் 2018இல் மாற்றிக்கொண்டது. ஆனாலும் நான் சொல்வது, தினமும் பொட்டு வைப்பவர் என்றால் வைத்துக்கொண்டே எடுங்கள். முக்காடு போடுகிற என் தோழிகளுக்கும் இதையேதான் சொல்வேன். பொட்டைப் பார்த்து விலகுகிற வீடு படத்திலேயே விலகிவிடட்டும். பொட்டில்லாத படத்தைக் காட்டி வேலை வாங்கி, ராத்திரி எட்டு மணிக்கு அந்த வீட்டு வாசலில் நின்று அந்தப் பார்வையை வாங்குவது அதைவிடக் கஷ்டம், தனியாக நிற்கும்போது பாதுகாப்பும் இல்லை. தவிர ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கமெல்லாம், குழந்தையோடு தமிழில் பேச ஆள் கிடைக்குமா என்று தேடும் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. அவர்கள் கண்ணுக்கு அந்தப் பொட்டு சட்டென்று படும்.

நகை வேறு விஷயம். ஜிமிக்கி, கண்ணாடி வளையல், நீண்ட நகம் மூன்றையும் கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள் உடனே கவனிப்பார்கள். குழந்தை இழுக்கும், கீறும் என்று அவர்களுக்குத் தெரியும். தாலிச் சங்கிலியில் சேஃப்டி பின் கோத்து வைத்திருப்பது நமக்கு வழக்கம், எடுத்த பிறகு பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பெண்ணுக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போது அப்படி மூன்று பின்கள் பளபளவென்று தெரிந்ததை ஒரு தாய்தான் காட்டினார், எனக்குத் தோன்றவே இல்லை. படத்துக்காக மட்டும் கழற்றினால் போதாது, வேலைக்குப் போகும்போதும் கழற்றுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவது நியாயம்தான், ஆனால் பூ படம் அதற்குத் தீர்வு ஆகாது. முகமே இல்லாத ஒருவரைக் குழந்தைக்காகக் கூப்பிட்ட வீட்டை நான் பார்த்ததில்லை. இடத்தைப் பொறுத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். பெற்றோரும் பெயர் பதிந்து உள்ளே வரும் தளத்தில் முகத்தைப் போடுங்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கும் பேஸ்புக் பக்கம், கடை வாசல் அறிவிப்புப் பலகை, ஆயிரம் பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழு ஆகியவற்றில் எழுத்து மட்டும் போதும். பேசி, இன்னார் என்று தெரிந்த பிறகு படத்தை அனுப்பலாம். இதற்கென்று எடுத்த படத்தை வேறு எங்கும் போடாதீர்கள். ஒரே படம் உங்கள் பேஸ்புக்கிலும் இருந்தால், படத்தை வைத்துத் தேடும் வசதியில் போட்டுப் பார்க்கும் ஒருவர் உங்கள் முழுப்பெயர், குடும்பம், கோயில், பிறந்தநாள் வரை போய்விட முடியும். போனில் எடுக்கும் படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகூடப் பதிந்திருக்கலாம். கேமராவின் லொகேஷனை அணைத்துவிட்டு எடுங்கள். மறந்து எடுத்துவிட்டால் அந்தப் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைப் போடுங்கள். ஜன்னலுக்கு வெளியே தெருப் பலகை, கதவு எண், அலுவலக அடையாள அட்டை எதுவும் சட்டகத்துக்குள் வரக்கூடாது. விளம்பரத்தைப் பார்த்து எழுதுகிறவர் குழந்தையின் வயதைச் சொல்லாமல், நேரத்தைச் சொல்லாமல், “இன்னும் ரெண்டு போட்டோ அனுப்புங்க, முழுசா நிக்கிற மாதிரி” என்று கேட்டால் பதில் போடாமல் தடை செய்துவிடுங்கள். உண்மையாகக் குழந்தைக்கு ஆள் தேடுகிறவர் வீடியோவில் பேசலாமா, பகலில் ஒருமுறை வந்து குழந்தையைப் பார்க்கிறீர்களா என்றுதான் கேட்பார்.

எடுக்கும் விதம் சுலபம். பகல் பதினோரு மணிவாக்கில் பெரிய ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள், முதுகை ஜன்னலுக்குக் காட்டாதீர்கள். விளக்குகளை அணைத்துவிடுங்கள், மஞ்சள் வெளிச்சமும் பகல் வெளிச்சமும் கலந்தால் நம் நிறம் சாம்பல் பூத்ததுபோல் வரும். பின்னால் வெள்ளைச் சுவர் வேண்டாம். சுவரின் வெளுப்பைப் பார்த்து கேமரா வெளிச்சத்தைக் குறைக்கும், நம் முகம் இருண்டுவிடும். அப்பா அதற்காகவே சாம்பல் கலந்த நீலத் திரை வைத்திருந்தார். வீட்டில் வெள்ளைதான் என்றால் ஒரு வெளிர்நீலப் போர்வையைத் தொங்கவிடுங்கள், அல்லது திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். வீட்டுக்காரர் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, போனின் பின்பக்கக் கேமராவை உங்கள் கண் உயரத்தில் பிடித்து, இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுக்கட்டும். தலையிலிருந்து மார்பு வரை போதும். பெற்றோர் அதைப் போனில் ஒரு ரூபாய் நாணயம் அளவில்தான் பார்க்கிறார்கள், முழு உருவம் போட்டால் முகம் கடுகாகிவிடும். தினமும் கண்ணாடி போடுபவர் என்றால் போட்டுக்கொண்டு, முகத்தை ஒரு விரற்கடை கீழே சாய்த்தால் பளபளப்பு போய்விடும். வேலைக்குப் போகும்போது எதை உடுத்துவீர்களோ அந்தச் சட்டை அல்லது சுடிதார். “சிரி” என்று சொல்ல வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். அப்பா பிலிம் இல்லாமல் முதலில் ஒரு வெறும் ஃப்ளாஷ் அடிப்பார். எடுத்தாகிவிட்டது என்று நினைத்து ஆள் தோளை இறக்கி மூச்சு விடுவார். அந்த நொடியில்தான் நிஜமான படம். போனிலும் அதைச் செய்யலாம். “முடிஞ்சிருச்சு” என்று சொல்லிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

முடியை வெட்டினாலோ, புதுக் கண்ணாடி மாற்றினாலோ, இல்லையென்றாலும் வருடத்துக்கு ஒருமுறையாவது, படத்தை மாற்றுங்கள். முதல் முறை போகும் வீட்டுக்கு, கிளம்பும் முன்னால் அன்றைக்குப் போட்டிருக்கும் கோட்டோடு ஒரு படம் எடுத்து அந்தத் தாய்க்கு அனுப்பி, குழந்தைக்குக் காட்டச் சொல்லுங்கள். அந்த நவம்பருக்குப் பிறகு நான் ஒரு வீட்டுக்கும் இதைச் செய்யாமல் போனதில்லை. போன மாதம் ஒரு இரண்டரை வயதுக்காரன் கதவு திறந்ததும் என் தொப்பியைக் காட்டி, “படத்துல இருந்த தொப்பி” என்று கத்திவிட்டு, என் கையைப் பிடித்து நேராகத் தன் ரயில் வண்டிகள் இருக்கும் அறைக்கு இழுத்துக்கொண்டு போனான்.